உப்புக்காற்றில் நைந்த டென்ட்டுக்கு எந்தப் பூச்சு நின்றது?

எங்கள் பள்ளிச் சாரணியர் படைக்கு இரண்டு டோம் டென்ட்டும் ஒரு கான்வாஸ் டென்ட்டும் இருக்கின்றன. எல்லாமே கைமாறி வந்தவை. முகாம் போடுவது உச்சிப்புளியை அடுத்த அரியமான் கடற்கரைப் பக்கம், ஒரு தென்னந்தோப்பில். வடகடல் ஓரம் அது. ஐப்பசி பிறந்துவிட்டால் வாடைக்காற்று மழையை நேராக முகத்தில் கொண்டுவந்து அடிக்கும். பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இரவு தங்க வைக்கிறோம், பெற்றோர் என்னை நம்பித்தான் அனுப்புகிறார்கள். நனைந்த பாயில் ஒரு பிள்ளையும் படுக்கக் கூடாது. அதற்காக வாங்கிப் பூசிப் பார்த்த பொருட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் படிப்பவர்களுக்கு உதவும். உள்பூச்சு உரிந்துபோன டோம் டென்ட்டுக்கு, பெயிண்ட் கடைச் சிலிகானை டர்பன்டைனில் கரைத்துப் பூசியதுதான் நின்றது. தையலுக்கு 'சீம் கிரிப்' என்ற பசை டியூப். பை, மழைக்கோட்டு, இன்னும் நல்ல நிலையில் இருக்கிற டென்ட் இவற்றுக்கு 'நிக்வாக்ஸ்' கம்பெனியின் தண்ணீரை உருட்டும் ஸ்பிரே. கான்வாஸுக்குப் படிகாரமும் சோப்பும். தரைத்துணிக்கு மட்டும் எந்தப் பூச்சையும் நம்பாதீர்கள், தையல்காரரிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

டென்ட் ஒழுகுகிறது என்றால் முதலில் எங்கே, எப்படி என்று பார்க்க வேண்டும். பாலியெஸ்டர் டென்ட்டின் மேல்துணிக்கு இரண்டு பூச்சு உண்டு. வெளிப்பக்கம் இருப்பது தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும் மெல்லிய பூச்சு. உள்பக்கம் பாலியூரித்தேன், சுருக்கமாகப் பி.யு. மழையைத் தடுத்து நிறுத்துவது இந்த உள்பூச்சு. வெளிப்பூச்சு போனால் துணி நனைந்து கனத்துத் தொங்குமே தவிர உடனே ஒழுகிவிடாது. உள்பூச்சு போனால் எதை மேலே அடித்தாலும் ஒழுகும். கடையில் 'வாட்டர்ப்ரூஃப் ஸ்பிரே' என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களில் பலர் இந்த வித்தியாசம் தெரியாமல்தான் காசைக் கரைக்கிறார்கள்.

எங்கள் டென்ட்டில் போனது உள்பூச்சு. பையைத் திறந்ததுமே புளித்த வாந்தி நெடி. துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் 'சர்ர்' என்று கிழிகிற சத்தம். உள்பக்கத்தைத் தடவினால் கையெல்லாம் பிசுபிசுப்பு, அங்கங்கே வெள்ளைச் செதில். பன்னிரண்டாம் வகுப்பில் நான் நடத்துகிற அதே நீராற்பகுப்புதான் இது. பி.யு. சங்கிலியில் இருக்கும் எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீர் வெட்டுகிறது, அப்போது உண்டாகும் அமிலம் அடுத்த பிணைப்பை வெட்டத் துணை போகிறது. ஒருமுறை தொடங்கினால் தானாக வேகம் பிடிக்கும். அதற்கு வேண்டியது வெப்பமும் ஈரப்பதமும். இரண்டுக்கும் நம் கரையில் பஞ்சமே இல்லை. அதோடு உப்பு. கடல்காற்றில் துணிமேல் படியும் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பகலில் காய்ந்தது போலத் தெரிகிற டென்ட் இரவில் மறுபடி பிசுக்கும். அந்த நிலையில் சுருட்டிப் பைக்குள் திணித்து, தகரக் கூரை போட்ட சாமான் அறையில் சித்திரை வைகாசி முழுக்க வைத்தால் உள்பூச்சு வெந்துவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுச் சராசரி மழையே 827 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். மழையில் நனைகிற நாளைவிட அறையில் வேகிற நாள்தான் நம் டென்ட்டுக்கு அதிகம்.

ஆனால் பெய்தால் பெய்கிறதுதான். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மழை குறைந்த மாவட்டம்தானே என்று டென்ட்டைச் சாதாரணமாக விட முடியாது.

பூசுவதற்கு முன்னால் பழைய பி.யு.வை முழுக்கக் கழற்ற வேண்டும். பாதி உரிந்த பூச்சுமேல் புதிதாகப் பூசினால், பழையது உரியும்போது புதியதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊறவைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தோம். மாவு மாவாக உதிர்ந்து வந்தது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டம் வேண்டும், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கழுவுகிற தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. போர்வெல் தண்ணீர் பல ஊரில் உப்பு. உப்பைப் போக்குவதற்காக உப்புத் தண்ணீரில் அலசுவதில் பயனில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குடக்கணக்கில் பிடித்து டென்ட் அலசவும் மனம் வராது, கூடவும் கூடாது. தோப்பு மணலில் தோண்டிய ஊத்துத் தண்ணீர்தான் கைகொடுத்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், மணலில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் நிற்கிறது. மழைநீர் சுத்தமான மணலில் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, அடர்த்தி குறைவு என்பதால். தனுஷ்கோடியில் இன்றைக்கும் அப்படித்தான் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். அதே ஊத்திலிருந்து இறைத்து அலசிக் காயவைத்தபோது டென்ட் துணி மொடமொடப்பு போய் மெத்தென்று ஆனது. அந்த மெத்துதான் உப்பு போனதற்கு அடையாளம்.

இனிச் சிலிகான் கலவை. பெயிண்ட், ஹார்டுவேர் கடைகளில் பாத்ரூம் கண்ணாடி, சிங்க் ஓரம் அடைக்கக் கொடுக்கும் ஜி.பி. (ஜெனரல் பர்ப்பஸ்) சிலிகான் டியூப் இருக்கிறதே, அதுதான். முழுச் சிலிகானாக இருக்க வேண்டும். அக்ரிலிக் கலந்தது டர்பன்டைனில் சரியாகக் கரையாது. கூடவே மினரல் டர்பன்டைன், வர்ணம் கரைக்க வாங்குவது. மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பங்கு சிலிகானுக்கு நாலைந்து பங்கு டர்பன்டைன் ஊற்றிக் குச்சியால் விடாமல் கலக்கினால், முதலில் கட்டி கட்டியாக நின்று அடம்பிடிக்கும், பிறகு மெதுவாக இளகிச் சோறு வடித்த கஞ்சியின் பதத்துக்கு வரும். அந்தப் பதம் வந்தால் போதும். கெட்டியாக இருந்தால் துணிமேல் தோலாக நிற்கும், நூலுக்குள் இறங்காது. மூடியைத் திறந்தே வைக்காதீர்கள், காற்றின் ஈரம் பட்டாலே சிலிகான் இறுக ஆரம்பிக்கும். நம் ஊர்க் காற்றில் அது வேகமாகவே நடக்கும்.

பூசும் நேரம் முக்கியம். காலை ஏழு மணிக்குள் தொடங்கி, கடல்காற்று எழுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். காற்று எழுந்தால் மணல் எழும். ஈரச் சிலிகானில் ஒட்டிய மணலைப் பிறகு எதை வைத்தும் எடுக்க முடியாது. தோப்பின் நடுவில், கீழே பழைய படுதா விரித்து, டென்ட்டை முறுக்காக நிறுத்தி, மேல்துணியைப் புரட்டிப்போட்டு உள்பக்கம் வெளியே தெரியும்படி கட்டினோம். பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு பட்டை பூசுவது, உடனே பழைய பனியன் துணியால் அதே திசையில் அழுத்தித் துடைப்பது. துடைக்கிற இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். மிச்சத்தை எடுத்துவிடுகிறது, உள்ளே இறங்க வேண்டியதை அழுத்தியும் விடுகிறது. பூசி முடித்ததும் தோப்பு முழுக்க வினிகர் நெடி அடிக்கும். ஜி.பி. சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடுவதால் வரும் நெடி. அது அடங்கினால் பூச்சு இறுகிவிட்டது என்று அர்த்தம். இதே அமிலம் உலோகத்தை அரிக்கும் என்பதால் ஜிப் தலை, கொக்கி, வளையம் எல்லாவற்றிலும் முன்னதாகவே டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். ஒரு பூச்சு காய்ந்து, மறுநாள் இன்னொரு பூச்சு. காய்ந்தபின் முகப்பவுடர் தூவித் தடவினால் மடிக்கும்போது ஒட்டாது.

டர்பன்டைன் தீப்பிடிக்கும் பொருள். பிள்ளைகளை நான் இந்த வேலையில் சேர்க்கவில்லை. தூரத்தில் நின்று பார்க்க மட்டும்தான் விட்டேன். தோப்புக் காவல்காரர் பீடியைப் பற்றவைக்க வந்தார், கும்பிட்டு அனுப்பிவைத்தோம். மீந்த கலவையை மணலில் கொட்டாதீர்கள், அடியில்தான் ஊத்து இருக்கிறது. பாட்டிலிலேயே இறுக விட்டுக் குப்பையில் போடுங்கள்.

நின்றதா என்று எப்படித் தெரியும்? மழை வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. டென்ட் கம்பெனிகள் 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று அச்சிடுகிறார்களே, அது துணி தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம். துணிக்கு மேலே தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், மூன்றாவது இடத்தில் சொட்டு எட்டிப்பார்க்கும்போது குறித்துக்கொள்வது உலகத் தர முறை. எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் ஒலியின் வேகம் காண வைத்திருக்கும் ஒத்ததிர்வுத் தம்பத்தின் கண்ணாடிக் குழாய் ஒரு மீட்டர் உயரம். அதன் அடிவாயில் துணியை இறுக்கிக் கட்டி, மேலேயிருந்து தண்ணீர் ஊற்றினோம். பழைய மேல்துணி ஒரு சாண் ஏறுவதற்குள் வியர்க்க ஆரம்பித்தது. வெளியே ஸ்பிரே மட்டும் அடித்த துண்டில் தண்ணீர் அழகாக உருண்டது, ஆனால் தம்பம் ஏறியபோது அதுவும் கசிந்தது. அது ஸ்பிரேயின் குறை இல்லை. உள்பூச்சின் வேலையைப் பார்ப்பதற்காக அது தயாரிக்கப்பட்டதே இல்லை. சிலிகான் இரண்டு பூச்சு வாங்கிய துணி, குழாய் நிரம்பி 1,000 மி.மீ. ஆனபோதும் அடியில் காய்ந்தே இருந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் துணிக்கு அடியில் உள்ளங்கையை வைத்துவைத்துப் பார்த்தார்கள். நானும் வைத்துப் பார்த்தேன்.

பிறகு கார்த்திகை முகாமில் நிஜ மழையே வந்தது. இரவு ஒன்பதுக்குப் பிடித்து விடியும்வரை விட்டுவிட்டு அடித்தது. மேல்துணி ஒழுகவில்லை. விடியற்காலையில் ஒரு பிள்ளை, "மிஸ், ஒழுகுது" என்று எழுப்பினாள். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க ஒரே சீராக வியர்த்திருந்தது. ஒழுகல் என்றால் தையலிலிருந்தோ ஒரு புள்ளியிலிருந்தோ கோடாக இறங்கும். எங்கும் பனிபோலப் படர்ந்திருந்தால் அது உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சு. நம் கரையின் ஈரக்காற்றில் இதை முழுக்கத் தவிர்க்க முடியாது. காற்றுக்கு எதிர்ப்பக்க வாசலை ஒரு சாண் திறந்துவைத்தால் பாதி குறையும்.

சிலிகானில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. டென்ட் கொஞ்சம் கனம் கூடுகிறது, தூசி ஒட்டுகிறது. இனி இந்தத் துணியில் சிலிகானைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது. ஒட்டுத்துணி, டேப், பி.யு. பசை எல்லாமே நழுவும். அதனால் தையல் டேப், கிழிசல் வேலைகளைச் சிலிகானுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். நல்ல உள்பூச்சு இருக்கிற டென்ட்டுக்கு இதைச் செய்யாதீர்கள். இது கடைசி வைத்தியம்.

தையலுக்கு வருகிறேன். கம்பெனி ஒட்டிய தையல் டேப் எங்கள் டென்ட்டில் நாடாவாகத் தொங்கியது. பிய்த்து எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, 'கியர் எய்ட்' கம்பெனியின் சீம் கிரிப்பை மெல்லிய கோடாகப் பூசினேன். தேன்போல் இறங்கி, ரப்பர்போல் நெகிழும் படலமாக இறுகுகிறது. விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், எழும்பவில்லை. ஒரு சின்ன டியூப் ஒரு டென்ட்டின் முக்கியத் தையல்களுக்குப் போதும். மிச்சத்தைத்தான் காப்பாற்ற வேண்டும்: இதுவும் காற்றின் ஈரத்தில் இறுகுவது, திறந்த டியூபை நம் வீட்டு அலமாரியில் வைத்தால் அடுத்த முறை கல்லாக இருக்கும். மூடியைத் துடைத்து இறுக்கி, பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறது கம்பெனி. எங்கள் வீட்டு ஃப்ரீசரில் நகரை மீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இன்னும் இளகலாகவே இருக்கிறது. சிலிகான் பூச்சு உள்ள டென்ட் என்றால் இதே கம்பெனியின் 'சில்' என்று போட்ட வகையை வாங்க வேண்டும். சாதாரண வகை அதில் ஒட்டாது.

நிக்வாக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், காரணம் விலை. டென்ட்டுக்கான 'சோலார்ப்ரூஃப்' ஸ்பிரே நமக்கு வந்துசேர 1,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. தண்ணீரில் கரைந்தது, நெடி இல்லை, பிள்ளைகளே அடிக்கலாம். சுத்தமாக அலசிய துணிமேல் ஒரு சாண் தள்ளி நின்று அடித்து, சில நிமிடம் கழித்து மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது, அவ்வளவுதான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்தும் காக்கும் என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. நைலானையும் பாலியெஸ்டரையும் வெயில் நைய வைப்பது நாம் கண்ணால் பார்ப்பது. தோணியில் கட்டிய கொடி ஒரு கோடையில் நூலாகிப் போகிறது. எங்கள் இரண்டாவது டென்ட்டுக்கு உள்பூச்சு நல்லபடியாக இருந்தது. அதற்கும், பைனாகுலர் பை, முதுகுப்பை, மழைக்கோட்டு இவற்றுக்கும் இதைத்தான் அடித்தோம். தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போன அன்று தூறலில் முதுகுப்பையின்மேல் தண்ணீர் உருண்டு ஓடியது, உள்ளே இருந்த நோட்டுகள் காய்ந்திருந்தன. பையின் தையலும் ஜிப்பும் வழியாகப் பெருமழையில் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். உள்ளே ஒரு பாலித்தீன் உறை போட்டுக்கொள்வது நல்லது.

விலை கூடினாலும் நான் இதை வாங்குவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. தண்ணீரை உருட்டும் பூச்சுகளில் நெடுங்காலம் கோலோச்சியவை ஃப்ளூரின் சேர்மங்கள். 1953இல் அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வகத்தில் ஒரு சொட்டு ஃப்ளூரோ ரசாயனம் உதவியாளரின் கான்வாஸ் ஷூவில் தெறித்துவிட, எதைப் போட்டுக் கழுவியும் அந்த இடம் நனையவே இல்லை. அங்கே வேலை பார்த்த பாட்ஸி ஷெர்மன் என்ற பெண் வேதியியலாளரும் சாமுவேல் ஸ்மித்தும் அதைக் கவனித்து, துணியில் தண்ணீரும் கறையும் ஒட்டாமல் காக்கும் ஸ்காட்ச்கார்டு பூச்சை உருவாக்கினார்கள். வேதியியல் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்லும் கதை இது. ஆனால் அந்தக் கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு லேசில் உடையாது. துணியிலிருந்து கழுவி இறங்கினால் மண்ணிலும் நீரிலும் உயிர்களின் உடலிலும் தங்கிவிடுகிறது. 2000இல் 3எம் நிறுவனமே பழைய வகையைக் கைவிடுவதாக அறிவித்தது. அவ்வகையில் முக்கியமான ஒன்றை 2009இல், எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கள் முகாமுக்கு வடக்கே பாக் விரிகுடா, சாலையைத் தாண்டித் தெற்கே போனால் மன்னார் வளைகுடா. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளும், கடற்பசு மேயும் கடற்புல் படுகைகளும் அங்கே இருக்கின்றன. கடற்பசுவைக் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளைகளைக் கோலம் போடவைத்துவிட்டு, அந்தக் கரையிலேயே ஃப்ளூரின் ஸ்பிரே அடிக்க எனக்குக் கை வராது. நிக்வாக்ஸ் 1977இல் தொடங்கியதிலிருந்தே ஃப்ளூரின் சேர்மங்கள் இல்லாமல் செய்வதாகச் சொல்லும் கம்பெனி. வேறு எது வாங்கினாலும் 'பி.எஃப்.ஏ.எஸ். இல்லை' (இந்த ஃப்ளூரின் சேர்மங்களுக்கான பொதுப்பெயர் அது) என்று போட்டிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

கான்வாஸ் டென்ட்டுக்குச் செலவே இல்லை. பருத்தி நூல் நனைந்தால் தானே ஊதி இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அதனால் பாதி வேலை துணியே பார்த்துக்கொள்கிறது. மீதிக்குப் படிகாரம். பார் சோப்பைச் சீவிச் சூடான தண்ணீரில் கரைத்துத் துணியில் ஊறவிட்டு, அரைகுறையாகக் காய்ந்ததும் படிகாரக் கரைசலைத் தெளிக்க வேண்டும். நூலுக்குள்ளேயே தண்ணீரில் கரையாத அலுமினியச் சோப்பு உண்டாகிறது. நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய படிகாரமும் ஒரு கட்டிச் சோப்பும் போதும். ஆனால் கடினநீரில் சோப்பு திரிந்து வெள்ளைப் பிசுக்காகிவிடும், மழைத்தண்ணீர் பிடித்துவைத்துச் செய்தோம். துணி மூச்சுவிடுகிறது, உள்ளே வியர்க்கவில்லை. சோப்புப் பவுடர் போட்டுத் துவைத்தால் எல்லாம் போய்விடும், அடுத்த பருவத்துக்கு மறுபடி செய்ய வேண்டியதுதான். மழை பெய்யும்போது உள்ளிருந்து துணியைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் சொட்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி மாளவில்லை.

இந்தப் பட்டியலில் நான் மனதார பாராட்ட விரும்புவது எந்தப் பாட்டிலையும் அல்ல, கீழக்கரையில் லாரிப் படுதாவும் படகு உறையும் தைக்கிற ஒரு காக்காவின் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்) கைவேலையை. தரைத்துணி மணலிலும் தென்னை மட்டைக் குச்சியிலும் உரசி நைந்துபோயிருந்தது. சிலிகான் பூசலாமா என்று கேட்டேன். கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"மேல் துணிக்கு நீங்க பூசிக்கிடுங்க டீச்சர். தரைக்கு வேணாம். மண்ணுல ஒரசுற எடத்துல எந்தப் பூச்சும் நிக்காது. அதோட சிலிகான் வழுக்கும், புள்ளைங்க விழுந்துரும்."

"அப்ப என்ன செய்யலாம் காக்கா?"

"புதுசா போட்டுத் தாரேன். ஆனா நான் சொல்ற மாதிரி தைக்க விடணும்."

பி.வி.சி. பூசிய மெல்லிய துணியை எடுத்தார். பழைய தரையின் அளவுக்கு அப்படியே வெட்டாமல், நாலு பக்கமும் ஒரு சாண் கூட்டி வெட்டினார். அந்த ஒரு சாணையும் தொட்டிபோல மேலே மடக்கி, சுவர்த்துணியோடு சேரும் தையலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கொண்டுபோனார். மூலைகளில் வெட்டவே இல்லை, உறை மடிப்பதுபோல மடித்தே தைத்தார். "தண்ணி நிக்கிற எடத்துல ஓட்டை போடலாமா டீச்சர்? ஊசி போனா ஓட்டைதானே" என்றார். பருத்தி நூல் உப்பில் இற்றுவிடும் என்று பாலியெஸ்டர் நூல். ஊசியும் படுதா தைக்கிற தடிமன் ஊசி இல்லை, மெல்லியது. தையலை உள்பக்கம் திருப்பி இரட்டையாக மடித்திருந்தார். அதன்மேல் நான் சீம் கிரிப் ஓட்டினேன். கார்த்திகை மழையில் டென்ட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கியபோது, தரையை அழுத்தினால் அடியில் தளதளவென்று அசைந்தது, மேலே சொட்டு ஈரம் இல்லை. கூலி பேரம் பேசத் தோன்றாத அளவுக்கு நியாயம். பெயர்ப்பலகை இல்லாத கடை, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் படுதா தைக்கிறவர் என்று விசாரித்தால் சொல்வார்கள்.

சின்ன விஷயங்கள் சில. ஜிப் தலை உப்பில் பூத்துப்போயிருந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் நல்ல தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெழுகுவர்த்தியைப் பல்மேல் ஓட்டினால் இலகுவாகும். எண்ணெய் வேண்டாம், மணலை இழுக்கும். மணலில் டென்ட் கயிறு கட்டும் முளை நிற்காது. மணல் நிரப்பிய சாக்கில் கயிற்றைக் கட்டி முழங்கை ஆழத்தில் புதையுங்கள். துணி முறுக்காக நின்றால்தான் எந்தப் பூச்சும் வேலை செய்யும். தொய்ந்து குழி விழுந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். முகாம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, தளர்வாகச் சுருட்டிப் பருத்திப் பையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். நான் பள்ளி சாமான் அறையிலிருந்து எடுத்து நூலகத்துப் பீரோவுக்கு மாற்றிவிட்டேன். தலைமையாசிரியர் உடனே சம்மதித்தார்.

செலவு என்று பார்த்தால் சிலிகான் வழி இரண்டு டியூபும் ஒரு லிட்டர் டர்பன்டைனும் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது. அதே அளவு புது டென்ட்டுக்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும். நேரம்தான் வேண்டும், இரண்டு பூச்சுக்கும் நல்ல வெயில் வேண்டும். புரட்டாசி முதல் வாரத்துக்குள் பூசி முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு வானத்தை நம்ப முடியாது. சிலிகானும் டர்பன்டைனும் ராமநாதபுரத்தில் எந்தப் பெயிண்ட் கடையிலும் கிடைக்கும். சீம் கிரிப்பும் நிக்வாக்ஸும் கூரியரில்தான் வர வேண்டும், ஆவணியிலேயே சொல்லிவையுங்கள்.